நாற்பத்தொன்றாம் நிலத்தின் காப்பாளர்

ஸ்ரீவில்லிபுத்தூர் தேவஇரக்கத்துக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. குடியிருந்தது வாடகை வீடு. கல்லறைத் தோட்டத்தில் ஆறடி நிச்சயம் என்று அவரே கேலியாகச் சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் மூன்று வருஷத்துக்கு மேல் ஒரு நிலத்துக்குக் காப்பாளராக இருந்தார். இருநூற்று ஐம்பத்தாறு கட்டம் கொண்ட நிலம். அதில் ஆறு, மலை, வாய்க்கால், பஸ் ஸ்டாண்டு எல்லாம் உண்டு. பட்டா மட்டும் கிடையாது. அது இருந்தது எங்கள் மில்லின் கம்ப்யூட்டர் அறை மூலையில், ஒரு பழைய மிஷினுக்குள்ளே.

என் பெயர் அப்துல் ஹமீது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் கம்ப்யூட்டர் அறையில் பதின்மூன்று வருஷம் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அந்த நிலத்தைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை. கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் யார் மேல் என்று கேட்டால், வரிசையில் முதலில் நிற்பவன் நான்தான்.

அண்ணாச்சி என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் ஹையரும் முடித்துவிட்டு 1968இல் மில்லின் டைம் ஆபீசில் சேர்ந்தவர். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரே பஸ், முடிந்தால் ஒரே ஜன்னல் சீட்டு. 1986இல் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வேலை போய்விடுமோ என்று எல்லாரும் ஒதுங்கி நிற்க, கீபோர்டைப் பார்க்காமலே டைப் அடிக்கிறவர் என்று இவரைப் பிடித்து அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். இரண்டாவது ஆளாக என்னைப் போட்டார்கள். அண்ணாச்சி அதிர்ந்து பேச மாட்டார். டீ ஆறிப் போயிருந்தால்கூடச் சொல்ல மாட்டார், குடித்துவிடுவார். எதையும் வாய் திறந்து கேட்டு வாங்கத் தெரியாத மனுஷன். தங்கமான குணம் என்று ஊரில் பேர். என்னைக் கேட்டால் அதைவிடக் கெட்ட குணம் கிடையாது.

1993இல் எங்கள் சின்ன முதலாளி பம்பாயில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஊருக்கு வந்தார். வரும்போது ஒரு மோடம் கொண்டுவந்தார். அன்றன்றைய நூல் இருப்பைப் பம்பாய் ஆபீசுக்கு டெலிபோன் வழியாக அனுப்புவதற்கு என்று அப்பாவிடம் சொன்னார். அது பாதி உண்மை. மீதி பாதி, அவரும் அவருடைய காலேஜ் சினேகிதர்களும் சேர்ந்து செய்த ஓர் உலகம். அதற்குப் பெயர் ‘பஸ்தி’, இந்தியில் குடியிருப்பு என்று அர்த்தம். படம் கிடையாது, வெறும் எழுத்துதான். நீங்கள் ஒரு கட்டத்தில் நிற்கிறீர்கள். சுற்றிலும் என்ன இருக்கிறது என்று திரையில் வாசகம் வரும். கிழக்கே போ, உட்கார், எடு, பேசு என்று டைப் அடித்தால் அது நடக்கும்.

இந்த உலகத்தை ஒரே மிஷினில் வைக்க முடியாது, அம்புட்டு மெமரி அப்போது எவனிடமும் இல்லை. அதனால் துண்டு துண்டாக்கி ஊருக்கு ஒரு மிஷினில் ஒரு நிலமாக வைத்திருந்தார்கள். பூனாவில் பதினெட்டாம் நிலம். கொச்சியில் இருபத்தொன்பது. எங்களுடையது நாற்பத்தொன்று. தினமும் காலை ஐந்து மணிக்கு எல்லா மிஷினும் பம்பாயில் இருந்த தலைமை மிஷினுக்குத் தானாகவே போன் போடும். எல்லையைத் தாண்டின ஆட்களை ஒன்று கொடுக்கும், ஒன்று வாங்கும். கொச்சிக்காரன் ஒருவன் எங்கள் நிலத்துக்குள் வந்துவிட்டால், அவன் பெயர், அவன் கையில் இருக்கும் சாமான் எல்லாம் எங்கள் மிஷினுக்கு வந்துவிடும், கொச்சி மிஷினில் அழிந்துவிடும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது அல்லவா. அவன் தன் ஊரில் உட்கார்ந்து பத்து அடி, அதாவது பத்துக் கட்டளை, எழுதி அனுப்புவான். எங்கள் மிஷின் மணிக்கு ஓர் அடி வீதம் அதை நடத்தும், நடந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். அவன் பார்த்தது, கேட்டது எல்லாம் மறுநாள் காலை அவனுக்குத் திரும்பிப் போகும். இன்றைக்கு எடுத்து வைத்த காலுக்கு நாளைக்குத்தான் தரை தட்டும் என்று நான் கேலி செய்வேன்.

நிலம் தூங்கக் கூடாது என்பது அந்த உலகத்தின் சட்டம். கரண்ட் போனால் இரண்டு காலை வரைக்கும் பொறுத்துக்கொள்வார்கள். மூன்றாவது காலையும் எங்கள் மிஷின் போன் போடவில்லை என்றால் நிலம் முடிந்தது. நம்பரை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே யாராவது இருந்தால் அவர்கள் பேரும் அதோடு போகும்.

ஒரு வருஷத்தில் சின்ன முதலாளி அமெரிக்காவுக்குப் படிக்கப் போய்விட்டார். போகும்போது, “அண்ணாச்சி, நீங்க பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். பாத்துக்கோங்க என்று சொன்னால் போதுமே, அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருப்பார். சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் ஊர்ப் பக்கத்தையே ஒவ்வொரு கட்டமாக எழுதி நிரப்பினார். அவர் இங்கிலீஷ் முழுக்க மில் கடித இங்கிலீஷ். இடப்பக்கம் ஒரு புளியமரம் நிற்பதைத் தயவுசெய்து கவனிக்கவும் என்று இருக்கும். ஆற்றில் தண்ணீர் இருப்பு மழைக்கு உட்பட்டது என்று இருக்கும். சஞ்சீவி மலைக்கு மேற்கே ஓர் அடி வைத்தால் கொச்சித் துறைமுகம் வந்துவிடும். அது பக்கத்து நிலத்துக்காரன் வேலை, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த இங்கிலீஷைத் திருத்திக் கொடுத்தது அவருடைய ஒரே மகள் அருள்செல்வி. பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மில்லுக்கு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துத் திருத்துவாள். அவர்கள் குடியிருந்த வீட்டை நிலத்தின் தென்கோடியில் ஆறு கட்டத்தில் எழுதினது அவள்தான். அப்படி வந்து போன நேரத்தில்தான் எங்கள் மில்லில் பிட்டராக இருந்த கான்சாபுரம் காளிராஜோடு பழக்கம் ஏற்பட்டது. 1994 கடைசியில் இரண்டு பேரும் பூனாவுக்குப் போய்விட்டார்கள். காளிராஜ் வீட்டில் அவனைத் தலைமுழுகிவிட்டார்கள். அண்ணாச்சி வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கோபப்பட்டார், அது அன்றைக்கு. வேதாகமத்தின் மேல் கை வைத்து, இனிமேல் அவள் பேரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று சத்தியம் செய்துவிட்டார். அவர் சம்சாரம் ஜெபமணி அக்கா, பால்வாடி டீச்சர், மகள் பேரைச் சொல்லாமலே மூன்று வருஷம் அழுதார்.

1995 ஆகஸ்டில் பூனா நிலத்திலிருந்து முல்லை என்ற பேரில் ஒரு ஆள் எங்கள் நிலத்துக்குள் வந்தது. புதிதாக வருகிறவர்கள் முதலில் பஸ் ஸ்டாண்டில் நின்று நாலு பக்கமும் பார்ப்பார்கள், வழி தெரியாமல் ஆற்றில் இறங்குவார்கள். இந்த முல்லை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பம்ப் செட் சந்து வழியாகத் தெற்கே போய், தென்கோடி வீட்டின் முன்வாசலை விட்டுவிட்டுப் புறவாசல் வழியாக உள்ளே போனது. அந்த வீட்டில் முன்வாசல் கதவு மழைக்கு உப்பிக்கொண்டு திறக்காது, வீட்டு ஆட்கள் எல்லாம் புறவாசல்தான். இது வீட்டு ஆட்களுக்குத்தான் தெரியும். அண்ணாச்சி திரையைப் பார்த்தபடியே இருந்தார். பொறவு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

வாரத்துக்கு ஒரு தடவை முல்லை வரும். ஊஞ்சலில் உட்காரும், அடுக்களையைப் பார்க்கும், போய்விடும். ஒரு வார்த்தை பேசாது. இவரும் பேச மாட்டார். ஆனால் வீட்டு வாசகத்தை வாராவாரம் மாற்றி எழுதுவார். ஜன்னல் ஓரம் அம்மாவின் புதுக் கண்ணாடி இருப்பதைத் தயவுசெய்து கவனிக்கவும், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதுவார். பேசாமலே பேசுகிற வித்தை அது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

“மகதான வந்து உக்காந்திருக்கு. செல்வின்னு ஒரு வார்த்தை அடிங்களேன்” என்பேன்.

“பேசுனா வராம போயிருவாளோன்னு இருக்குலே ஹமீது.”

“அக்காட்டயாவது சொல்லுங்க.”

“அவகிட்டச் சொன்னா இன்னைக்கே ரயில் ஏறிருவா. நான் போட்ட சத்தியம் என்னாவுறது?”

வைராக்கியமும் பயமும் ஒரே ஆளுக்குள் இருந்தால் இப்படித்தான். 1997 ஜூலையில் முல்லை வீட்டின் நடு அறையில் ஒரு தொட்டிலை வைத்துவிட்டுப் போனது. அந்த உலகத்தில் சாமான் செய்து வைக்கலாம். அதைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி அன்றைக்கு எனக்கு இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தார். இப்போதாவது பேசுங்கள் என்றேன். “பேசுதேன், பேசுதேன், பிள்ளை பெறக்கட்டும், அதச் சாக்கா வச்சுப் பேசுதேன்” என்றார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது.

எங்கள் ஊர் மில்களில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஸ்பின்னிங் மிஷினிலிருந்து ஸ்டேப்ளர் வரைக்கும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு ஓய்வு கொடுப்பார்கள். மறுநாள் விஜயதசமிக்கு மறுபூஜை போட்டுவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். எங்கள் அறையில் இருந்தது இரண்டே பேர். அவர் வேதக்காரர், நான் முஸ்லிம். ஆனாலும் மில்லிலேயே எங்கள் அறையில்தான் பூஜை பிரமாதமாக நடக்கும். மானேஜர் குருசாமி ராஜாவுக்கு அதில் ஒரு பெருமை. பொரிகடலையில் எங்களுக்குத்தான் பெரிய பொட்டலம். ஒவ்வொரு வருஷமும் ஒரு காலை போன் தவறும், மறுநாள் சரியாகிவிடும். அதனால் அதைப் பற்றி நாங்கள் கவலைப்பட்டதே இல்லை.

அன்று காலை ஐந்து மணிக்கு முல்லையின் பத்து அடி வந்திருந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் அது பம்ப் செட் சந்தைக் கடந்து புறவாசலில் நின்றது. ஆயுத பூஜை அன்றைக்கு முல்லை உள்ளே இருப்பது அதுதான் முதல் தடவை. அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“இந்த ஒரு மிஷினை மட்டும் அமத்தாம வைக்கச் சொல்லிக் கேக்கட்டுமா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அதிசயம். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனுஷன் ஒன்றைக் கேட்க நினைக்கிறார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வாயத் தெறக்காதீய அண்ணாச்சி. நாம ரெண்டு பேரும் இந்த ரூமுல இருந்துக்கிட்டு மிஷின அமத்தாதீங்கன்னா, பூசையே வேண்டாங்கிறோம்னு ஆயிரும். ஒரு நாள்தான, நாளைக்குப் போட்டுக்கிடலாம்.”

அவர் தலையாட்டிவிட்டு மிஷினை அமர்த்தினார். பத்து மணிக்குக் குருசாமி ராஜா தட்டோடு வந்தார். அந்தப் பழைய மிஷினைப் பார்த்து, “ஏமையா தேவஇரக்கம், ஒரு நாளும் லீவு எடுக்காம ஒழைக்கிற மிஷின் இதுதான். இதுக்குத்தான்யா இந்த வருஷம் பெரிய மாலை” என்று சொல்லி, திரை மறைகிற மாதிரி சாமந்தி மாலையைப் போட்டார். அன்பாகத்தான் போட்டார். நாங்களும் கும்பிட்டு நின்றோம்.

சாயங்காலம் சோழபுரத்திலிருந்து தகவல் வந்தது. மானேஜரின் பங்காளி ஒருவர் தவறிவிட்டார். மானேஜருக்குத் தீட்டு, மறுபூஜைக்கு அவர் தட்டைத் தொடக் கூடாது. பெரிய முதலாளி கோயமுத்தூர் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். அவர் வந்து மறுபூஜை போடட்டும், அதுவரை ஆபீஸ் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இது எங்களுக்குச் சனிக்கிழமை காலை மில் கேட்டில் வைத்துத்தான் தெரியும். அண்ணாச்சி விரலை மடக்கினார். சனி, ஞாயிறு, திங்கள். சரியாக மூன்று காலை. அதில் ஒன்று ஏற்கனவே போய்விட்டது.

வாட்ச்மேன் இருளப்பசாமியிடம் சாவி இருந்தது. நான் தணிவாகத்தான் ஆரம்பித்தேன்.

“அஞ்சு நிமிசம் இருளப்பா. ஒரு சுவிச்சுப் போட்டுட்டு வந்துருதோம்.”

“சாமி இருக்குற ரூமு அண்ணாச்சி. மறுபூசை போடாம தொறந்தா எங்குடும்பம் என்னாவுறது? எம்பிள்ளைக்கு ஏற்கெனவே காய்ச்சலு.”

“ஏலே, அவரு மக உள்ள இருக்காலே!” என்று கத்திவிட்டேன். இருளப்பசாமி பயந்துபோய் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தான். உள்ளே யாரும் இல்லை. மிஷின்கள்தான் வரிசையாக மாலை போட்டு உட்கார்ந்திருந்தன. அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். அவனிடம் எதைச் சொல்லி எப்படி விளங்க வைப்பது? அண்ணாச்சி மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். “விடுலே, அவன் என்ன செய்வான்” என்றார்.

அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய், என் சினேகிதன் அய்யூபின் எஸ்.டி.டி. பூத்தில் பம்பாய் தலைமை நம்பரைப் போட்டோம். ஒரு மனுஷன் எடுத்தால் இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லிவிடலாம். முதல் மணியிலேயே எடுத்தது. எடுத்ததும் கீச்சென்று மிஷின் கத்துகிற சத்தம். அண்ணாச்சி விடவில்லை. ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “சார், திஸ் ஈஸ் ஃபார்ட்டி ஒன், சார், கைண்ட்லி வெயிட், சார்” என்று அந்தக் கீச்சுச் சத்தத்திடம் மன்றாடினார். அது பதிலுக்கு இன்னும் சத்தமாகக் கத்திவிட்டு லைனை வெட்டியது. ஆறு தடவை போட்டோம், ஆறு தடவையும் அதே கதை.

“அது பேக்ஸ் நம்பர் அண்ணாச்சி, பேப்பர் குடுங்க, அனுப்பிருவோம்” என்றான் அய்யூப். உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவன் பேசின பேச்சில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி சர்ச்சுக்குப் போகவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு சோழபுரம் துக்க வீட்டுக்குப் போனார். மானேஜர் ஒரு வார்த்தை சொன்னால் இருளப்பசாமி கதவைத் திறப்பான், இன்னும் ஒரு காலை மிச்சம் இருக்கிறது. பந்தலில் உட்கார்ந்திருந்த குருசாமி ராஜா எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து அண்ணாச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “கூடப் பெறந்தவன் மாதிரிய்யா அவன். மில்லுல இருந்து நீங்க ரெண்டு பேருதான்யா வந்திருக்கீங்க” என்று குழந்தை மாதிரி அழுதார். அண்ணாச்சியும் அழுதார். அவர் எதற்கு அழுகிறார் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நான் முழங்கையால் இடித்துப் பார்த்தேன். நானே கேட்கலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். உள்ளே பெண்கள் மாரடித்து அழுகிற சத்தம் கேட்கிறது. அங்கே போய், உங்கள் மில் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாமா என்று எந்த வாயால் கேட்பது? சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டோம்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு நான் வீட்டில் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவரும் அப்படித்தான் கிடந்திருப்பார். பெரிய முதலாளி ஏழரை மணிக்கே வந்துவிட்டார். ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம் என்று அதற்குப் பிறகுதான் தேங்காய் உடைத்தார். ஒன்பதேகாலுக்கு அண்ணாச்சி மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மிஷினைப் போட்டார்.

நிலம் அப்படியே இருந்தது. ஒரு கட்டம் குறையவில்லை. முல்லை புறவாசலில் நின்றது. மூன்று நாள் போனது அதற்குத் தெரியாது. விட்ட இடத்திலிருந்து மணிக்கு ஓர் அடியாக நடக்க ஆரம்பித்தது. பத்து மணிக்கு உள்ளே வந்தது. பதினோரு மணிக்கு ஊஞ்சலில் உட்கார்ந்தது. நான் நூல் இருப்பு ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு அண்ணாச்சி என் தோளைத் தொட்டார். திரையைக் காட்டினார்.

முல்லை பேசியிருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

“அப்பா, நான் செல்விதான். திங்கக்கிழமை என்னைய ஆஸ்பத்திரில சேக்காங்க. ரத்தக்கொதிப்பு இருக்குன்னு டாக்டர் பயப்படுதாங்க. எனக்கும் பயமா இருக்குப்பா. அம்மாவ அனுப்பி வைங்க. வருவாளா மாட்டாளான்னு மட்டும் இங்கனயே சொல்லுங்க, நாளைக்கு வந்து பாத்துக்கிடுதேன்.”

முகவரி எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும்? பதில் அங்கேயே கிடைக்கும் என்றுதானே கேட்டிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலை மிஷின் வழக்கம்போலப் பம்பாய்க்குப் போன் போட்டிருந்தது. வந்திருந்த பதில் ஒரே வரி. நாற்பத்தொன்றாம் எண் நாகபுரிக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. எங்களுக்குக் கொடுக்கவும் ஒன்றுமில்லை, வாங்கவும் ஒன்றுமில்லை. நிலம் இருக்கிறது, உலகத்தில் இல்லை. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு, அதை அண்ணாச்சி சொல்லாமலே எனக்கும் தெரியும். மற்ற நிலங்கள் மூடினபோது உள்ளே ஆள் விட்டிருந்தவர்களுக்கு என்ன வாசகம் போகும் என்று நாங்கள் பார்த்திருக்கிறோம். ‘நீங்கள் சென்ற நிலத்தை அதன் காப்பாளர் மூடிவிட்டார்.’ கரண்ட் போனாலும் அதுதான், மிஷின் எரிந்தாலும் அதுதான். ஆயுத பூஜைக்கு என்று தனி வாசகம் யாரும் எழுதி வைக்கவில்லை. அம்மாவை அனுப்புவீர்களா என்று கேட்டவளுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகிற திங்கட்கிழமை காலையில் அதுதான் பதிலாகப் போயிருக்கும்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஜெபமணி அக்கா அழவில்லையாம். “ரெண்டு வருசமா எம்மவ வாராவாரம் வந்து போயிருக்கா. கூடவே படுத்து எந்திரிச்ச எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நீங்களும் ஒரு மனுசனா?” என்று மட்டும் கேட்டாராம். அதை அண்ணாச்சியே என்னிடம் சொன்னார். பதில் சொல்ல முடியாத கேள்வியை யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டும் அல்லவா.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் வேகமாகச் சொல்லிவிடலாம். புருஷனும் பெண்டாட்டியும் பூனாவுக்குப் போய்ப் பதினோரு நாள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார்கள். இந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது. அருள்செல்வி என்ற பேர் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. அவள் வந்து போன பதினெட்டாம் நிலத்தின் மிஷினைத் தேடலாம் என்றால், எங்களிடம் எண் உண்டு, விலாசம் கிடையாது. கான்சாபுரத்தில் காளிராஜின் அப்பா, எனக்கு அப்படி ஒரு மகனே இல்லை என்று கதவைச் சாத்தினார். சின்ன முதலாளிக்கு அமெரிக்காவுக்கு ஏர் மெயில் போட்டோம். பதில் வர ஐந்து வாரம் ஆனது. சினேகிதர்களில் ஒருவரும் இப்போது பம்பாயில் இல்லை, அந்தத் தலைமை மிஷின் ஏதோ ஒரு பூட்டின அறையில் தானாகவே ஓடிக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்தவோ கேட்கவோ ஆள் கிடையாது என்று எழுதியிருந்தார். பூனாவிலிருந்து கடிதம் ஒன்றும் வரவில்லை. பிள்ளை பிறந்ததா, தாய் பிழைத்தாளா, ஒன்றும் தெரியாது. 1999இல் மில்லில் ஆள் குறைத்தபோது அண்ணாச்சி முதல் ஆளாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். செல்வி என்ன ஆனாள் என்று இன்றுவரைக்கும் தெரியாது.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு அந்தப் புதன்கிழமைதான் முன்னால் வருகிறது. ரயிலுக்குக் கிளம்புகிற அன்று. துணிப்பையும் கையுமாக ஜெபமணி அக்கா அவரோடு பஸ் ஏறி மில்லுக்கு வந்துவிட்டார். மகள் வந்து உட்கார்ந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். நான் நாற்காலியை ஒதுக்கிக் கொடுத்தேன். அண்ணாச்சி தென்கோடி வீட்டைத் திரையில் கொண்டுவந்தார். வீட்டு வாசகம் வந்தது. அதன் கீழே, இங்கே இருப்பவர்: முல்லை என்று வந்தது. பத்து அடியும் முடிந்து, போகச் சொல்லி அடுத்த அடி வராததால் ஊஞ்சலில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். அந்தப் பேர் யாருடையது என்று அவருக்கு அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

“இங்கனதான் இருக்கான்னு போட்டிருக்கே?”

“ஆமா” என்றார் அண்ணாச்சி.

“அப்பச் சொல்லுங்க. அம்மா இன்னைக்கு ரயில் ஏறுதேன், பயப்படாம இருன்னு சொல்லுங்க.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அந்த வார்த்தை இந்த மேஜையைத் தாண்டிப் போகாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கீபோர்டைப் பார்க்காமலே அடித்தார். செல்வி, அம்மா இன்னைக்கு ரயில் ஏறுதா, பயப்படாத என்று அடித்தார். இரண்டு வருஷம் அடிக்காத பேரை அப்போதுதான் அடித்தார்.

ஒரே கட்டத்தில் இருக்கிறவர்களுக்குப் பேச்சு கேட்கும் என்பது அந்த புரோகிராமின் விதி. எதிரே ஆள் உண்டா, வெறும் பேர்தானா என்று அது பார்க்காது. திரையில் அடுத்த வரி தானாக வந்தது.

‘முல்லை கேட்டாள்.’

அக்கா அதை இரண்டு தடவை படித்தார். பொறவு கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டு, “கேட்டுட்டா. வாங்க, நேரமாவுது” என்று பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.